அந்தப் பகுதி இந்த டிக்கெட்டில் இல்லை

தோஹாவில் நஜ்மா பகுதியில் இருக்கும் நம் டிராவல்ஸ் ஆபீசில் புதிதாக நீங்கள் நான்கு பேர் சேர்ந்திருப்பதாக, அங்கே வேலை பார்க்கும் செல்வம் சொன்னான். நால்வரும் கம்ப்யூட்டரில் புலி என்றும் சொன்னான். சந்தோஷம். டிக்கெட் போடுவது, விசாவுக்குப் பேப்பர் சேர்ப்பது, ரூம் பிளாக் பண்ணுவது எல்லாவற்றையும் அவனிடமே கற்றுக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருஷம் அந்த ஆபீசில் உட்கார்ந்து எழுந்து வந்தவள் நான். எனக்குப் பழகிய கம்ப்யூட்டர் இப்போது அங்கே இல்லை, இப்போது அங்கே இருப்பது எனக்குப் புரியப் போவதில்லை. அதைப் பேசி உங்கள் பொழுதையும் என் பொழுதையும் கெடுக்க வேண்டாம்.

நான் எழுத உட்கார்ந்தது என்னுடைய ஒரு தப்பைப் பற்றி. நன்றாகச் செய்த வேலையைச் சொல்லச் சொன்னால் நம் தொழிலில் ஆளாளுக்கு மணிக்கணக்கில் அளப்பார்கள். தப்பைக் கேட்டால் போன் வருகிறது என்று எழுந்து போவார்கள். எனக்கு இனிமேல் இன்க்ரிமென்ட் கிடையாது, யாருக்கும் பயப்படவும் தேவையில்லை.

டெனிஸ் மேடம் தோஹாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர். ஒவ்வொரு கோடை லீவுக்கும் நம்மிடம்தான் டிக்கெட் எடுப்பார். ஒரு வருஷம் வந்தபோது நாற்காலியில் உட்காராமலே ஆரம்பித்தார்.

“வசந்தா, இந்தத் தடவை அப்பாவை சார்ல்ஸ்டனுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவர் சம்மதிச்சிட்டார்.”

சார்ல்ஸ்டன் என்பது அமெரிக்காவின் தெற்கே கடலோரத்தில் இருக்கும் பழைய ஊர். அவருடைய அப்பா வால்டர் அங்கே பிறந்தவர். பதினோரு வயதில் ஊரை விட்டு வந்தவர். அவருடைய தகப்பனார் ஒரு வெள்ளைக்காரரிடம் எதிர்த்துப் பேசிவிட்டார் என்று ஒரே நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு குடும்பமே சிகாகோவுக்கு ஓட வேண்டியிருந்தது. மகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் வாய் திறந்ததில்லை. ஊருக்குத் திரும்பிப் போனதும் இல்லை. இப்போது எண்பத்திரண்டு வயது.

“எங்க ஆளுங்களோட வரலாற்றைக் காட்டுற டூர் வேணும். சும்மா சுத்திப் பார்க்கிறதுக்கு இல்ல. அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பேசிட்டா போதும்.”

இதை நான் காதால் கேட்டேன், கையால் எழுதவில்லை. நம் புக்கிங் ஃபாரத்தில் என்னென்ன கட்டம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை பேர், எத்தனை நாள், சாப்பாடு, விருப்பம். விருப்பம் என்ற கட்டத்தில் ‘வரலாறு’ என்று எழுதினேன். குறிப்பு என்ற கட்டத்தில் ‘முதியவர், அதிகம் நடக்க முடியாது’ என்று எழுதினேன். அப்பா பேச வேண்டும் என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

நம் ஆட்களுக்கென்றே ஒரு பழக்கம் உண்டு. வளைகுடாவில் இருந்துகொண்டு உலகத்துக்கே டூர் போடுகிறோம், ஆனால் போய்ப் பார்த்த இடம் விரல் விட்டு எண்ணக் கூடியது. வயசான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறார்கள் என்று கேட்ட மாத்திரத்தில் நம் கை தானாக ஏசி வண்டி, படி ஏறாத இடம், பக்கத்திலேயே பாத்ரூம், நிழல், மதியச் சாப்பாடு என்று தேடும். மூணாறுக்கும் வால்பாறைக்கும் அப்படித்தான் நூறு குடும்பத்தை அனுப்பியிருக்கிறேன். எஸ்டேட் பங்களா, புல்வெளி, போட்டோ. எல்லாரும் திரும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள்.

சார்ல்ஸ்டனுக்குத் தேடியபோது முதலில் வந்தது பெரிய மரங்களும் வெள்ளைத் தூண்களும் வைத்த ஒரு பழைய பண்ணை மாளிகை. நெல் விளைந்த தோட்டமாம். ஆயிரக்கணக்கான பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். வீல்சேர் போகும், ஏசி பஸ் உண்டு, சாப்பாடு உண்டு. ‘வரலாற்றுச் சுற்றுலா’ என்று தலைப்பிலேயே போட்டிருந்தது. மூணாறு அனுப்பிய அதே கையால் பட்டனை அமுக்கினேன். அந்த இடத்தில் யார் அடிமையாகக் கிடந்தார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. எனக்குத் தெரியாததும் இல்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ஆபீசைத் திறந்தால் டெனிஸ் மேடத்தின் வாய்ஸ் மெசேஜ் காத்திருந்தது. அங்கே அப்போது நடுநிசி தாண்டி ஒரு மணி. தூக்கம் வராமல் பேசியிருக்கிறார். அழுகை இல்லாத குரல். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம்.

மாளிகையில் ஒன்றரை மணி நேரம் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். எந்தக் கட்டில் எந்த நாட்டிலிருந்து வந்தது, வெள்ளிப் பாத்திரத்தை யார் செய்தார்கள், கண்ணாடி விளக்கு எப்படிக் கப்பலில் உடையாமல் வந்தது. வேலை செய்தவர்களைப் பற்றி வந்தபோதெல்லாம் ‘பணியாளர்கள்’ என்றே சொல்லியிருக்கிறார் அந்த வழிகாட்டி, ஏதோ சம்பளத்துக்கு வந்தவர்கள் மாதிரி. புல்வெளியில் அன்று சாயங்காலம் நடக்க இருந்த ஒரு கல்யாணத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது, அதுவரை ஒரு வார்த்தை பேசாத வால்டர் கையைத் தூக்கியிருக்கிறார்.

“அந்த ஜனங்க எங்கே தூங்குனாங்க?”

வழிகாட்டி சிரித்தபடியே பதில் சொல்லியிருக்கிறார். “அந்தப் பகுதி இந்த டிக்கெட்டில் இல்லை, சார்.”

வால்டர் நேராகப் பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடவில்லை. ஹோட்டலுக்கு வந்து மகளிடம் சொன்னது ஒரே வாக்கியம், நாளை மதியமே சிகாகோவுக்குப் போக வேண்டும் என்று.

“வசந்தா, அப்பாவோட டிக்கெட்டை மாத்திக் குடு. இனிமே அவர் இந்த ஊருக்கு வர மாட்டார். வேற எதுவும் எனக்கு வேண்டாம்.” மெசேஜ் அங்கே முடிந்தது.

நான் அந்த மெசேஜை இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. வெட்கம் என்று சொன்னால் போதாது. எண்பத்திரண்டு வயது மனிதரை எழுபது வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வரவழைத்து, அவர் முன்னோரை அடிமையாக வைத்திருந்தவனின் கட்டிலைக் காட்டி அனுப்பியிருக்கிறேன். நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போய் விட்டது மாதிரி இருந்தது.

மேனேஜர் தென்காசிக்காரர். நல்ல மனுஷர், சண்டை பிடிக்காதவர். விஷயத்தைச் சொன்னேன்.

“சாரி சொல்லி ஒரு மெசேஜ் போடு. டிக்கெட்டை மாத்திக் குடு. அந்த டூர் காசைத் திருப்பிக் குடுத்திரலாம். கலாஸ், அத்தோட முடிஞ்சுது.”

“சார், அவங்க கேட்டது காசு இல்ல.”

“ஏம்மா, நம்ம வேலை டிக்கெட்டு, ரூமு, வண்டி. அவங்க குடும்பத்துல நடந்த கதைக்கு நீயும் நானும் என்ன செய்ய முடியும்?”

“அவங்க கேட்டதை நான் குடுக்கவே இல்லயே சார். அதைக் குடுத்துட்டு அப்புறம் போகச் சொல்றேன்.”

“டிக்கெட்?”

“பிளாக் பண்ணி வைக்கிறேன்.”

பண்ணினேன். அன்று மதியம் சிகாகோவுக்கு ஒரே ஒரு விமானத்தில்தான் இடம் இருந்தது. நம் நேரம் மாலை ஐந்து மணி வரை சீட்டைப் பிடித்து வைக்கலாம், அதற்குள் டிக்கெட் போடாவிட்டால் போய்விடும். அங்கே அப்போது காலை பத்து. டெனிஸ் மேடத்துக்கு எழுதினேன். ‘சீட் கையில் இருக்கிறது. பத்து மணி வரை எனக்குக் கொடுங்கள். பத்துக்கு நீங்கள் போடு என்றால் போட்டுவிடுகிறேன், கேள்வி கேட்க மாட்டேன்.’ சரி என்று ஒற்றைச் சொல் வந்தது.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். சீட்டைப் பிடிக்காமல் அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தால் அது ஏமாற்று வேலை. வாடிக்கையாளர் வெளியே போகும் கதவை நாம் அடைக்கக் கூடாது. திறந்து வைத்துக்கொண்டுதான் இன்னொரு வழி தேட வேண்டும்.

அன்று காலை முழுக்கத் தேடினேன். பன்னிரண்டு மணிக்கு மத்தியான இடைவேளைக்கு எல்லோரும் ரூமுக்குப் போனார்கள். நான் போகவில்லை. செல்வம் பரோட்டா பார்சல் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான், அதையும் பிரிக்கவில்லை. சார்ல்ஸ்டனில் கறுப்பின வரலாறு காட்டுவதாகச் சொல்லும் டூர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். பதினொன்று வந்தது. எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் இருந்தது. எல்லாவற்றிலும் ‘உண்மையான அனுபவம்’ என்று போட்டிருந்தது. எதை நம்புவது?

ஆத்திரத்தோடு அந்த மாளிகையின் பக்கத்தை மறுபடி திறந்தேன். முதல் தடவை கண்ணில் படாத ஒரு வரி பட்டது. இந்தக் குடும்பத்தின் முன்னோர் சதுப்பு நிலத்தில் நெல் சாகுபடியை உருவாக்கிய மேதை என்று எழுதியிருந்தது. கடல் ஓதம் ஏறும்போது ஆற்று நீர் எதிர்த்து வரும், அதை மதகு வைத்து வயலுக்குப் பாய்ச்சி, வடியும்போது வடித்து நெல் விளைவித்தாராம். பக்கத்தில் அவர் படம். கழுத்தில் வெள்ளைப் பட்டு, கைகளில் கையுறை.

நான் திருவாரூர் பக்கத்துக்காரி. என் அம்மா கூலிக்கு நடவு நட்டவள். முழங்கால் வரை சேற்றில் நின்றாள். வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் குடை பிடித்து நிற்பார், அறுவடை முடிந்ததும் ‘இந்த வருஷம் நான் நல்லா வெள்ளாமை பண்ணியிருக்கேன்’ என்பார். அந்தக் கையுறையைப் பார்த்ததும் எனக்குக் குடைதான் தெரிந்தது. இந்த மனுஷன் மதகு கட்டினானா? நாற்று அழுகினால் ஏன் என்று இவனுக்குத் தெரியுமா? நெல் தெரிந்த யாரையோ எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். மேலே தேடிப் படித்தேன். மேற்கு ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட ஜனங்களைச் சங்கிலி போட்டுக் கொண்டுவந்து அவர்கள் அறிவிலும் உழைப்பிலும் உண்டான வயல்கள் அவை.

அப்போதுதான் கேட்க வேண்டிய கேள்வி எனக்குப் பிடிபட்டது. பதினொரு பேரிடமும் ஒன்றே ஒன்று கேட்பேன். இங்கே நெல் போடத் தெரிந்தவர்கள் யார்?

சரியாக நான்கு மணிக்குப் போனை எடுத்தேன். அங்கே காலை ஒன்பது.

முதல் ஆள் பண்ணைக் குடும்பத்தின் பெயரைப் பெருமையாகச் சொன்னார். தாளில் அவர் பெயரை அடித்தேன். இரண்டாவது குதிரை வண்டி டூர். “நாங்க அந்த மாதிரி சோக விஷயத்தை ரொம்பத் தொட மாட்டோம், லீவுக்கு வர்றவங்க சந்தோஷமாப் போகணும் இல்லையா?” அதையும் அடித்தேன். ஒன்று பேய்க் கதை டூர். செத்துப்போன அடிமைகளின் ஆவி எந்த ஜன்னலில் தெரியும் என்று காட்டுவார்களாம். அந்த ஆளிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. இரண்டு பேர் போனை எடுக்கவில்லை. மூன்று பேருக்குக் கேள்வியே புரியவில்லை.

ஒன்பதாவது ஆள் பட்டென்று சரியான பதில் சொன்னார். ஆப்பிரிக்காவில் எந்தெந்தக் கரையிலிருந்து நெல் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள் என்றும் சொன்னார். மனசு குளிர்ந்தது. எண்பத்திரண்டு வயசுப் பெரியவர் வருகிறார், அவருக்கு என்ன காட்டுவீர்கள் என்று கேட்டேன்.

“சங்கிலி, விலங்கு, ஏலம் போட்ட இடம். ஏலத்தை அப்படியே நடிச்சுக் காட்டுவோம். அழாம யாரும் போனது கிடையாது மேடம், நான் கேரண்டி.”

இங்கேதான் உங்களில் பலர் புக் பண்ணியிருப்பீர்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கொடுமை நடந்தது, அதைக் காட்டத்தான் வேண்டும், பார்க்க வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வால்டருக்குத் தெரியாத எதை இவர் காட்டப் போகிறார்? அவர் அழ வேண்டும் என்று மகள் கேட்கவில்லை, பேச வேண்டும் என்றுதான் கேட்டார். முதல் நாள் ஒரு ஆள் அவர் வாயை மூடினான். இன்னொரு ஆள் அவருக்குப் பதிலாகக் கத்தப் போகிறான். இரண்டிலும் அவர் சும்மாதான் நிற்க வேண்டும். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மற்ற இரண்டிலும் அன்றைக்கு இடமில்லை. மணி நாலு முப்பத்தைந்து. தாள் முடிந்துவிட்டது.

செல்வம் என் பக்கத்தில் வந்து நின்றான். “அக்கா, அந்த ஹோட்டல் ரிசப்ஷன்ல கேட்டுப் பாருங்களேன்.”

“அவங்க கிட்டக் கேட்டா மறுபடியும் அந்த மாளிகையத்தான் சொல்லுவாங்க. மேசையில நோட்டீஸ் அடுக்கி வச்சிருப்பாங்க.”

சொல்லும்போதே மண்டையில் உறைத்தது. நம் தொழிலாளிகள் நிறைந்த முசஃபா பகுதியில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று அபுதாபி ஹோட்டல் ரிசப்ஷனில் யாராவது கேட்பார்களா? அங்கே ஓடுகிற டிரைவரிடம் கேட்போம். அவரிடமும் எது நல்ல கடை என்று கேட்க மாட்டோம், ‘பாய், நீங்க எங்கே சாப்பிடுவீங்க?’ என்றுதான் கேட்போம். நாற்பது வருஷமாக நம் ஜனங்கள் இந்த நாடுகளில் பிழைத்தது இப்படிக் கேட்டுத்தான். ஆபீசில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்ததும் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

ஹோட்டலைக் கூப்பிட்டு ரூம் சுத்தம் பண்ணுகிறவர்களின் சூப்பர்வைசரைக் கேட்டேன். ஒரு பெண்மணி வந்தார். ஏதோ புகார் என்று நினைத்துக்கொண்டு குரலை இறுக்கி வைத்திருந்தார். நான் யார், எங்கிருந்து கூப்பிடுகிறேன், என்ன தப்பு செய்தேன் என்று முழுசாகச் சொன்னேன். பிறகு கேட்டேன்.

“உங்க சொந்தக்காரங்க வடக்கேயிருந்து வந்தா யார்கிட்ட அனுப்புவீங்க?”

அவர் குரல் தளர்ந்தது. “தோஹாவிலேருந்தா கூப்பிடுறே?”

“ஆமா.”

“நேத்து மாளிகைக்குப் போயிட்டு வந்து சாப்பாட்டைத் தொடாத பெரியவரா? மூணாவது மாடி?”

“அவரேதான்.”

அவர் ஒரு போன் நம்பர் கொடுத்தார். வெப்சைட் கிடையாது, நட்சத்திரம் கிடையாது. ரிட்டயரான ஒரு பள்ளிக்கூட லைப்ரரி அம்மாள். கேட்டு வருகிறவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றிக் காட்டுகிறவர்.

அந்த அம்மாள் போனை எடுத்ததும் என் கேள்வியைக் கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார்.

“முதல்ல நீ சொல்லு. இதைக் கேட்கணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். சேற்றில் குனிந்து கையால் நடுவாள் என்று சொன்னேன். தன் பாட்டியின் பாட்டி விதையைக் குழியில் போட்டுக் குதிகாலால் மண்ணைத் தள்ளி மூடுவாளாம், அந்த வித்தை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்றார். மணி நாலு நாற்பத்தைந்தைத் தாண்டிக்கொண்டிருந்தது, நானோ நடவு பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த இரண்டு நிமிஷம் வீண் இல்லை. அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. பெரியவர் பெயர் என்ன? குடும்பப் பெயர்? எந்தத் தெரு? எந்தச் சர்ச்? அதுவரை பேசிய ஒருவரும் வருகிறவர் யார் என்று என்னிடம் கேட்கவில்லை. எத்தனை பேர் என்றுதான் கேட்டார்கள்.

தெருவின் பெயர் என்னிடம் இருந்தது, டெனிஸ் மேடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். சொன்னேன். அந்த அம்மாளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது.

“அந்தத் தெரு இப்போ இல்ல. பெரிய ரோடு போடுறதுக்காக முழுசா இடிச்சிட்டாங்க. அங்கே எந்த வீட்டுல யார் இருந்தாங்கன்னு எழுதி வைக்க ஆறு வருஷமா ஆள் தேடிக்கிட்டிருக்கேன். எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க.”

“மேடம், இன்னிக்கு அவரை நீங்க டூர் கூட்டிட்டுப் போக முடியுமா?”

“டூரா? நான் அவருக்கு என்னத்தைக் காட்டறது? அவர்தான் எனக்குக் காட்டணும். நான் உதவி கேட்கிறேன்னு சொல்லு. வருவாரான்னு கேளு. வர மாட்டேன்னு சொன்னா வற்புறுத்தாதே.”

மணி நாலு ஐம்பத்திரண்டு. டெனிஸ் மேடத்தைக் கூப்பிட்டேன். பெட்டி கட்டி வைத்துவிட்டு அப்பாவின் அறையில்தான் இருந்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்க நேரமில்லை. பார்த்திருந்தால் பூசி மெழுகியிருப்பேன்.

“சார், நான் வசந்தா, டிராவல்ஸ்ல. நேத்து உங்களை அந்த இடத்துக்கு அனுப்பினது நான். யோசிக்காம செஞ்சேன். தப்பு என்னோடது. உங்களுக்கு இன்னொரு டூர் விக்க நான் வரல. உங்க சீட் என் கையில இருக்கு, போடுன்னு சொன்னா இப்பவே போட்டுடறேன். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அந்த ஊர்ல ஒரு அம்மா இருக்காங்க. உங்க தெருவுல யார் யார் இருந்தாங்கன்னு எழுதி வைக்க ஆறு வருஷமா தேடிக்கிட்டிருக்காங்க. சொல்றதுக்கு ஆளே இல்லையாம். உங்ககிட்ட உதவி கேட்கிறாங்க.”

மேனேஜர் தன் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஸ்க்ரீனில் வால்டரின் பெயர், பக்கத்தில் சீட் நம்பர். நாலு ஐம்பத்தாறு. நாலு ஐம்பத்தேழு. ‘வசந்தா, போட்டுரும்மா, போயிரும்’ என்று மேனேஜர் மெதுவாகச் சொன்னார். நான் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். போடு என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதவரை அது என் கை செய்யும் வேலை இல்லை.

பிறகு அந்தக் குரல் வந்தது. கரகரப்பான, நிதானமான குரல்.

“எந்த மூலையிலேருந்து வேணுமாம் அவளுக்கு? சர்ச் பக்கத்திலேருந்தா, ரயில் பாதை பக்கத்திலேருந்தா?”

டெனிஸ் மேடம் அழுவது கேட்டது.

ஐந்து மணிக்குச் சீட் ஸ்க்ரீனிலிருந்து மறைந்தது. “போச்சு” என்றார் மேனேஜர். திட்டப் போகிறார் என்று பார்த்தால், செல்வத்தைக் கூப்பிட்டு எல்லோருக்கும் சுலைமானி டீ வாங்கி வரச் சொன்னார்.

மறுநாள் காலை டெனிஸ் மேடத்திடமிருந்து நீளமாக ஒரு மெசேஜ் வந்தது. தெரு இருந்த இடத்தில் மேலே பெரிய ரோடு போகிறதாம், கீழே வண்டி நிறுத்தும் மைதானம். வால்டர் வீல்சேரை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். வெறும் சிமென்ட் தரையில் நின்று இது தையல்காரர் வீடு, இது மீன் விற்கும் அக்காள் வீடு, இங்கே ஒரு நாய் கட்டியிருக்கும், எல்லாச் சிறுவர்களையும் துரத்தும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாராம். லைப்ரரி அம்மாள் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டே பின்னால் வந்திருக்கிறார். பதினான்கு வீடு. கடைசியாகத் தன் வீடு இருந்த இடத்தில் நின்று, அன்றைக்கு ஏன் ஊரை விட்டுப் போனோம் என்பதைச் சொன்னாராம். அவர் தகப்பனார் கொத்தனார். செய்த வேலைக்குப் பேசிய கூலியைக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் குற்றம். ஐம்பத்து மூன்று வயதில் அதை டெனிஸ் மேடம் முதல் தடவையாகக் கேட்டார்.

இனி உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஒரு வழிகாட்டி நல்லவரா என்று தெரிய அவர் என்ன சொல்கிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள், வருகிறவரைப் பற்றி என்ன கேட்கிறார் என்று பாருங்கள். அவர் எந்தக் கேள்விக்கு ‘அது இதில் இல்லை’ என்கிறார் என்பதைப் போனிலேயே கண்டுபிடியுங்கள். உங்கள் வாடிக்கையாளர் அங்கே போய் நின்று அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

அமெரிக்காவுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். தோஹாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு உயரக் கட்டடங்களையும் படகையும் காட்டுகிறோம். அந்தக் காலத்தில் வளைகுடாக் கடலில் முத்துக் குளித்தவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களும் இருந்தார்கள் என்பதை யாராவது சொல்கிறோமா? நானும் சொன்னதில்லை. வால்டருக்குப் பிறகு சொல்ல ஆரம்பித்தேன். இவ்வளவு உயரக் கட்டடத்தைக் காட்டி, கட்டினவர்கள் எங்கே தூங்கினார்கள் என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டால், எந்தப் பக்கம் கையைக் காட்டுவது என்று நம் ஆட்களுக்குத் தெரியாதா? நம்மில் பாதிப் பேருக்கு அப்பா, மாமா, அண்ணன் தூங்கிய லேபர் கேம்ப் அது. அந்தப் பகுதியை டிக்கெட்டில் சேருங்கள். மேலிடத்தில் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உண்மையை மரியாதையாகச் சொல்ல ஒரு வழி எப்போதும் இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் சம்பளத்துக்கான வேலை.

எட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் ஆபீஸ் லைனில் சிகாகோவிலிருந்து ஒரு போன் வந்தது. மகள் இல்லை, அப்பா. நம்பரை அவரே கண்டுபிடித்துக் கூப்பிட்டிருந்தார். சார்ல்ஸ்டனுக்கு ஏப்ரல் மாதத்தில் ஒரு டிக்கெட் வேண்டும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். மூன்று வாரம் என்றார். ஹோட்டல் வேண்டாம், லைப்ரரி அம்மாளின் சர்ச்சில் ஒரு குடும்பம் தங்க இடம் கொடுத்திருக்கிறது என்றார். பழக்க தோஷம், என் வாய் சும்மா இருக்குமா?

“டூர் ஏதாவது பார்க்கட்டுமா சார்?”

“டூர் வேண்டாம்மா” என்றார் வால்டர். “சனிக்கிழமையில பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்றாங்களாம் அந்தத் தெருவைப் பார்க்க. நான்தான் கூட்டிட்டுப் போகணும்.”